இரவல் ஓரகத்தி

இசிக்-குல் ஏரிக்கரை,
ஜூன் 9

அன்புள்ள எர்மெக்,

நேரில் ஒருநாளும் உங்கள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் அத்தை முறைப்பார். காகிதத்தில் எழுதினால் யாரும் முறைக்கப்போவதில்லை, எழுதிவிட்டேன். நலமா? கால் வீக்கம் வடிந்ததா? அந்தத் தகர அறையில் இப்போதும் பத்துப் பேர்தானா, அல்லது உங்கள் மேஸ்திரி இன்னும் இரண்டு பேரைத் திணித்துவிட்டானா? அவன் மட்டும் தனி அறையில் தூங்குகிறான் என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு அவன்மேல் ஆத்திரம் தீரவில்லை.

நாங்கள் இருவரும், அத்தையும் நானும், நலம். மாடுகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம். இங்கே எதிர் அறையில் இருக்கும் ஒரு அம்மாவின் மகன் அடுத்த வாரம் நீங்கள் இருக்கும் சுர்குத் நகரத்துக்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஓய்வூதியர் சங்கத்தில் அத்தைக்கு ஏரிக்கரையில் இருக்கும் இந்தச் சிகிச்சை விடுதிக்குச் சீட்டு கொடுத்தார்கள், துணைக்கு இன்னொருவரும் வரலாம் என்று. அவருடைய முட்டிக்காகத்தான் போகிறோம் என்று நினைத்தேன். பேருந்து கணவாயில் திரும்பும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "என் முட்டிக்கு மட்டும்னு நெனச்சியா? உன் வயித்துக்குந்தான்டி. இந்தச் சேத்துல படுத்து, அந்தச் சூட்டு ஊத்துல ஊறி எழுந்த எத்தனை பேருக்குப் புள்ள நின்னிருக்கு தெரியுமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காரணத்தைச் சொல்கிறேன், பதறாமல் படியுங்கள். மார்ச்சில் நவ்ரோஸ் பண்டிகை முடிந்து நீங்கள் கிளம்பிப்போன பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனது. இது மூன்றாவது மாதம்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். போன தடவை உங்கள் அண்ணி மூலம் சொன்னேனே, என்ன ஆயிற்று? மறுநாளே அத்தை தெருவெல்லாம் சொல்லி ஆட்டை அறுத்தார். மூன்றே வாரம். தண்ணீர்க் குடத்தோடு பனியில் நான் சறுக்கி விழுந்ததும் எல்லாம் முடிந்துபோனது. கறி தின்ற வாய்களே "அவளுக்குத் தங்காது" என்றன. இந்த முறை வேரூன்றும் வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். அதுவும் போக, மருமகள் தன் வாயால் மாமியாரிடம் இதைச் சொல்கிற வழக்கம் நம் வீட்டில் உண்டா? ஓரகத்தி மூலம்தான் போக வேண்டும். உங்கள் அண்ணியோ இப்போது மாஸ்கோவில் எவனுடைய எச்சில் தட்டையோ கழுவிக்கொண்டிருக்கிறார். நம் தெருவில் முக்கால்வாசிப் பெண்களும் அங்கேதான். ஆண்களைத்தான் ஏற்றுமதி செய்தார்கள் என்று நினைத்தோம். ஒரு நல்ல சேதி சொல்லக்கூட ஊரில் வாய் மிச்சமில்லை எர்மெக்.

இங்கே வந்து இறங்கியதும் கூடத்தில் உட்காரவைத்தார்கள். சைகால் என்று ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசி, ஊற்றா, சேறா, நீச்சலா, நடையா, யாருக்கு எது ஒத்துவரும் என்று சொல்வது அவள் வேலை. எங்களுக்கு முன்னால் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த ஒரு தொந்திக்காரர். கரையில் பாதியை வேலி போட்டு மறித்துக் கட்டியிருக்கிறார்களே, அந்த மர வீடுகளில் தங்குகிறவர். "எது விலை கூடவோ அதைப் போடும்மா" என்றார். அவள் சிரிக்காமல் சொன்னாள்: "உங்களுக்கு நடைதான் சார் நல்லது. அதுக்குக் காசு கெடையாது, அதான் யாரும் செய்யறதில்ல." பின்னால் நின்ற மேலாளர் அம்மாவின் முகம் புளித்த பால் மாதிரி ஆனது. எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

எங்கள் முறை வந்தது. அத்தையிடம் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, தூக்கம் எப்படி என்றாள். அத்தை பதில் சொன்னார்: "கட்டையாட்டம் தூங்குவா." விடிகாலை நான்கு மணிக்கு மாட்டுக்கு எழுந்திருப்பது யார் என்று நான் சொல்லவில்லை. "தண்ணி பிடிக்குமா, நடக்கப் பிடிக்குமா?" "அவளுக்கு எல்லாம் பிடிக்கும்." "அம்மா, நான் மருமகளக் கேக்கறேன். வாய் இருக்குல்ல அவங்களுக்கு?" "இருக்கு. மரியாதை தெரிஞ்ச வாய்!" என்றார் அத்தை. "சூட்டு ஊத்து, சேறு ரெண்டையும் தெனம் போடு இவளுக்கு. கல்யாணமாகி மூணு வருஷம். வயிறு சூடாகணும்."

கடைசியாகத் தூரமானது எப்போது என்று சைகால் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அத்தைக்கும் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை யாரும் எது பிடிக்கும் என்று கேட்டதில்லை. கேட்ட அன்று என்னால் பேச முடியவில்லை.

அவளும் நம்மைப் போன்ற ஒரு வீட்டு மருமகள்தான், நம் வழக்கங்களை அறிந்தவள். "அம்மா, முட்டிக்குச் சேறு போடணும்னா முதல்ல ரத்த அழுத்தம் பாக்கணும்" என்று அத்தையை அடுத்த அறைக்கு அனுப்பிவைத்தாள். அப்புறமும் நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்: "ஓரகத்தி இருக்காங்களா?" மாஸ்கோவில் என்றேன். "என் ஓரகத்தியும் அங்கதான்," என்றாள். "சரி, நீ இங்க இருக்கற வரைக்கும் நான்தான் உன் ஓரகத்தி. இப்ப சொல்லு."

சொன்னேன். அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, திட்டினாள்: "பைத்தியமே! இந்த ஊத்துச் சூட்டுல மூணாம் மாசத்துல எறங்குவியா? அவங்க சொன்னாங்கன்னு எறங்கியிருப்பதானே?" இறங்கியிருப்பேன் எர்மெக். பயந்துகொண்டே இறங்கியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

அத்தை அறையிலிருந்து வெளியே வந்ததும் சைகால் கூடத்தின் நடுவில் நின்று கையை நீட்டினாள். "சுயுன்ச்சி அம்மா, சுயுன்ச்சி! நல்ல சேதி கொண்டுவந்திருக்கேன், முதல்ல பரிச எடுங்க!" அப்படிக் கை நீட்டியவளிடம் யாரால் கோபப்பட முடியும்? அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் வேறொன்றும் இல்லாததால் தலையில் கட்டியிருந்த துணியையே அவிழ்த்துக் கொடுத்தார், உங்கள் அண்ணன் வாங்கிக் கொடுத்த அந்த நீலப் பூத்துணி. அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவர் காதில் சொன்னாள் சைகால்.

அத்தை வெறுந்தலையோடு என்னிடம் வந்தார். "கழுத! கொன்னிருப்பேனேடி நான். என் கையாலயே கொன்னிருப்பேனே." தொந்திக்காரர் வேடிக்கை பார்த்தார். அத்தை அவரைப் பார்த்து, "என்னய்யா பார்வ? போய் நட!" என்றார். சைகால் சிரித்துவிட்டாள், நானும்தான்.

ஊற்றும் சேறும் எனக்கு இல்லை. காலையில் மரநிழலில் மெதுவாக நடை, மதியம் படுக்கை, கனம் தூக்கக் கூடாது, இவ்வளவுதான். சைகால் தினமும் மாலை வந்து பார்க்கிறாள். காசு வராத யோசனையாகவே சொல்கிறாள் என்று மேலாளர் அவளைத் திட்டியதாகக் கேள்விப்பட்டேன். அவளுக்கு எந்த வகையில் கைம்மாறு செய்வது என்று தெரியவில்லை. நன்றி சொன்னால், "ஓரகத்திக்கு யாரு நன்றி சொல்லுவா, சண்டை போடு" என்கிறாள்.

அத்தையை நீங்கள் பார்க்க வேண்டும். நேற்று பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தபோது, அவர் விஷயத்தை விழுங்கிக்கொண்டு ஏரித் தண்ணீரைப் பற்றியே பேசி முடித்தார். வைத்ததும் என்னைப் பார்த்து, "வெடிச்சிரும் போல இருக்குடி" என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் தேநீர் ஊற்ற நான் எழுந்தால் தோளை அழுத்தி உட்காரவைக்கிறார். எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. மூன்று வருடமாக மனதுக்குள் அவரோடு போட்ட சண்டைகளில் பாதியை விட்டுவிட்டேன். மீதிப் பாதி இருக்கிறது, அது நியாயமான சண்டை.

வரும் வியாழன் ஊர் திரும்புகிறோம். தண்ணீரைத் தானே எடுப்பதாக அத்தை சொல்கிறார். அவருடைய முட்டி உங்களுக்குத் தெரியும். கோடையை எப்படியும் ஓட்டிவிடுவோம். வாய்க்கால் உறைந்த பிறகு என்ன செய்வது? டிசம்பரில்தான் என் பிரசவ நாள். குளிர்காலத்துக்கும் இருந்தால் கூடுதலாகத் தருவதாக மேஸ்திரி சொல்கிறான் என்றீர்கள். நீங்கள் பேராசைக்காரர் இல்லை என்று எனக்குத் தெரியும். நம் கூரையும் உங்கள் தம்பி படிப்பும் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், அவன் நீட்டும் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்க்கால் உறையும் முன்னால் வந்துவிடுங்கள்.

உயரத்தில் ஏறும்போது கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆண்டவன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கட்டும். பிறக்காததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறார் அத்தை. அதனால், இங்கே நாங்கள் இருவர் காத்திருக்கிறோம் என்றே எழுதுகிறேன்.

உங்கள்
பெர்மெத்