திருவலையை இறக்கி வைத்திருக்கிறேன்

ஸல்ஹா,

நீ என்னோடு கதைக்கமாட்டாய் என்பதால் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். அலுமாரிக்கு மேல் நான் ஒளித்துவைத்த தேங்காய்த் திருவலை இப்போது குசினியில் இருக்கிறது. வென்றது நீதான்.

முந்தாநாள் மஃரிப் நேரம் துறையில் உன் வாப்பாவின் காலில் வள்ளக் கயிற்றைக் கட்டப்போனது வேண்டுமென்று செய்ததல்ல. "மருமகன், நான் தூணில்ல, ஒங்கட மாமா!" என்று அவர் கத்தும்வரை எனக்குத் தெரியவேயில்லை. பொழுதுபட்டால் கண் மங்குகிறது என்று சொல்ல வெட்கம்.

நேற்று டொக்டரிடம் போனேன். தொந்தி கரைய ஒரு வருஷமாகத் தேங்காய்ப்பால், எண்ணெய், முட்டை எல்லாம் தள்ளி, அவித்த கீரையும் கரட்டும் தின்ற வீரத்தைச் சொன்னேன்.

"கொழுப்பு இல்லாட்டி விட்டமின் ஏ உடம்பில சேராது, ஐசே! ஈரலில இருந்த சேமிப்பும் முடிஞ்சுது" என்றார்.

தொந்தி அப்படியே இருக்கிறது. கண்தான் கரைந்தது.

இன்று கீரையைத் தேங்காய்ப்பாலில் ஆக்கு. மாமாவையும் இரவுச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

முனாப்

வாசலில் லாம்பைக் கொளுத்தி வை. கண் தேற நாளாகுமாம். இருட்டாக இருந்தால் தூணுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, என் சட்டையை மாமாவின் மேல் தொங்கவிடுவேன்.