தத்தையின் கட்டுரையும் ஊசிக்கணவாய்க் கதவும்

அருவி ஓயாத மலையும் அறம் ஓயாத அவையும் உடைய செம்மலை நாட்டின் வேந்தர், பெருமான் நெடுவேளார் திருவாணைப்படி, ஊசிக்கணவாய்க் காவற்படைத் தலைவரும் பெருவிண்ணன் குடியில் வந்த தோன்றலுமாகிய அத்தியாருக்கு அமைச்சன் தேற்றன் எழுதும் ஓலை. தங்கள் வாள் உறையில் உறங்குக. தங்கள் வீரர் வயிறார உண்க. கணவாய்க் காற்று தங்கள் செவிக்கு நற்செய்தியே கொண்டுவருக. நம் பெயருக்கு முன்னால் வழக்கமாக அணிவகுத்து நிற்கும் பட்டங்களைக் காணாமல், நம்மைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்களோ என்று தாங்கள் கலங்க வேண்டா. காரணம் ஓலையின் கடைசியில் வரும்.

முதலில் செய்தி. வென்றோம், தலைவரே! ஓர் அம்பும் விடாமல், ஒரு குதிரையும் நுரை தள்ளாமல் வென்றோம். வென்றவள் தங்கள் மகள் தத்தை.

இவ்வோலையின் படி அரண்மனைச் சுவடியறையிலும் இருக்கப்போவதால், தாங்கள் அறிந்ததையும் சேர்த்தே சொல்கிறோம். ஆண்டுதோறும் கணவாய்த் திருநாளில், தங்கள் முன்னோர் பெருவிண்ணன் ஆற்றுவெளி நாட்டுப் படையைத் தடுத்த கதையை நம் கல்விச்சாலை மாணவர் கட்டுரையாக வரைவதும், அவற்றுள் சிறந்ததை அவையில் படிப்பதும் நம் மரபு. சென்ற ஆண்டுக் கட்டுரையில், ஆற்றுவெளிப் படைத்தலைவன் மாகோதை அழுதுகொண்டே ஓடினான் என்றொரு வரி இருந்தது. அவ்வரிக்கு அவையே குலுங்கிச் சிரித்தது, நாமும் சிரித்தோம். மாகோதையின் வழிவந்தவரும் ஆற்றுவெளித் தூதருமான ஆலங்கோ மட்டும் எழுந்து வெளியேறினார். இவ்வாண்டு அந்நாட்டுப் படை கணவாயின் அடிவாரத்தில் கூடாரம் அடித்தது. தூதர் மறுபடி வந்து அமர்வார் என்றும், மறுபடி ஒரு பழிச்சொல் கேட்டால் போர்முரசு கொட்டும் என்றும் செய்தி வந்தது. திருநாளை நிறுத்தினால் அஞ்சினோம் என்பார்கள், நடத்தினால் சண்டை. அவையில் அன்று பேசாத வாய் இல்லை, உருப்படியான யோசனையும் இல்லை.

இந்நிலையில் கட்டுரை எழுதும் முறை தத்தைக்கு வந்தது. போர் மூண்டால் முதல் அம்பு யார் மார்பை நோக்கி வரும் என்பது அவளுக்குத் தெரியும். கணவாய்க் கதவருகே நிற்பவர் அவள் தந்தை அல்லவா?

ஆயினும் முதலில் அவள் எழுதியது தங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதையைத்தான். பதினாயிரவர் வந்தனர், கதவை அடைத்து நின்ற பெருவிண்ணன், தங்கள் பூசையறையில் இன்றும் மாலை சூடி நிற்கும் அந்தக் கதவுத்தாழ்க் கணையமரத்தால் அத்தனை பேரையும் அடித்து வீழ்த்தினான் என்று மூச்சு விடாமல் எழுதினாள். மாகோதை ஓடிய வரியை மட்டும் விட்டுவிட்டாள். அழகான கட்டுரை. நாம் அதைக் கேட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டோம். அப்போதே மை பூசிவிடலாம் என்று அரண்மனை எழுத்தர் கிண்ணத்தோடு போய் நின்றார்.

ஆசிரியை கோதையாட்டியார் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அவர் பள்ளியின் வழக்கத்தைத் தாங்கள் அறியமாட்டீர்கள். எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு அங்கே உடனே கரிமை பூசுவதில்லை. வெறுங்கீறலாய் இருக்கும்வரை அது வரைவு. அவ்வரைவை வேறொரு மாணவர் படித்து, நம்ப முடியாத வரியின் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைப்பார். எழுதியவர் அதற்காக வாதாடக் கூடாது. போய்ப் பார்த்தோ கேட்டோ வந்து வரியைத் திருத்த வேண்டும், இல்லையேல் நீக்க வேண்டும். புள்ளி எல்லாம் துடைக்கப்பட்ட பிறகே மை.

தத்தையின் வரைவைக் கோதையாட்டியார் கொடுத்தது யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? சேந்தியிடம். நம் நகரில் கடை வைத்திருக்கும் ஆற்றுவெளி உப்பு வணிகரின் மகள். அவளுடைய கட்டுரையைத் தத்தையிடம் கொடுத்தார். கேட்டவுடன் நமக்கு வியர்த்துவிட்டது.

சேந்தி வைத்த புள்ளிகளால் ஓலை அம்மை கண்டது போல் ஆயிற்று. இரண்டு ஆடு சேர்ந்து நுழைய முடியாத கணவாயில் பதினாயிரவர் எங்கே நின்று அடிபட்டார்கள் என்று கேட்டாள். கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நின்றவன் வெளியே இருந்தவர்களை எப்படி அடித்தான் என்று கேட்டாள். தத்தை அழுதுவிட்டாள். பதினாயிரம் பேரை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சேந்தியின் ஓலையை எடுத்தாள். அதிலோ, கதவருகே வீரன் என்று ஒருவனும் இல்லை. படைக்கு அஞ்சி ஆற்றைக் கடந்துகொண்டிருந்த நம் நாட்டுத் தாய்மாரையும் அவர்கள் தலையில் இருந்த தொட்டில்களையும் கதவுக்கு வெளியே பாறையடியில் நின்று கண்ட மாகோதை, மனமிரங்கிக் கொடியைத் தாழ்த்தித் திரும்பினான் என்று இருந்தது. ஆறு கதவுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது, பாறையடியில் நின்றவன் கண்ணுக்குக் கதவைத் தவிர என்ன தெரியும் என்று அந்த வரியில் தத்தை அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தாள். இப்போது சேந்தி அழுதாள்.

அழுது முடித்த இருவரும் சேர்ந்து தங்களிடம் வந்தார்கள். சோற்று மூட்டையோடு மகள் தோழியை அழைத்துக்கொண்டு கணவாய்க்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? அவர்கள் தங்களைக் காண மட்டும் வரவில்லை, தலைவரே. வெளியே உள்ள பாறையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். தாங்கள் திட்டித் தீர்த்துவிட்டு, காவலர் துணையோடு அனுப்பினீர்கள். எச்சரிக்கையாகக் கதவையும் அடைக்கச் சொன்னீர்கள். பாறையடியில் நின்று பார்த்தார்கள். கதவுதான் தெரிந்தது. தன் புள்ளியே சரி என்று தத்தை நிமிர்ந்தாள்.

அவர்கள் திரும்பி வருவதற்காகக் காவலர் கணையமரத்தைக் கழற்றிக் கதவைத் திறந்தபோதுதான் அது நடந்தது. இரு பெண்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். திறந்த வாயிலின் நடுவே கணையமரத்தைத் தோளில் தாங்கியபடி ஒரு காவலர் நின்றார். அவர் தோளுக்கு மேலே, கீழ்ச்சரிவில், ஆறு தெரிந்தது. துறை தெரிந்தது. துணி துவைத்தவர்களின் சேலை நிறம்கூடத் தெரிந்தது.

தாழ்ப்பாள் போட்ட கதவில் கணையமரம் கதவின் குறுக்கே அல்லவா இருக்கும், அது பெருவிண்ணன் கையில் இருந்தது என்றால் கதவு திறந்திருந்தது என்றுதானே பொருள் என்று தத்தை சேந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம். தலைமுறை தலைமுறையாகத் தங்கள் குடி மாலை சூட்டி வணங்கியது அடித்த ஆயுதத்தை அல்ல. உள்ளே படை இல்லை, பிள்ளைகளே இருக்கிறார்கள், கண்ணால் பார் என்று பகைவனுக்குக் கதவைத் திறந்து காட்டிய ஒருவன் கழற்றிய மரத்தை. பதினாயிரம் பேரை அடிக்க வலிமை போதும், தலைவரே. அப்படித் திறந்துவிட்டு நடுவில் நிற்க என்ன நெஞ்சு வேண்டும்! எழுதும்போதே நமக்குக் கண் கலங்குகிறது.

திருநாளன்று அவை நிரம்பி வழிந்தது. தூதர் ஆலங்கோ கல்லாய் அமர்ந்திருந்தார்; அவருடைய ஆள் ஒருவன் வாசலில் குதிரை மீதே இருந்தான். தத்தை எழுந்து, புள்ளி எல்லாம் துடைத்தும் இன்னும் மை பூசாத ஓலையைப் படித்தாள். பதினாயிரவர் அதில் இல்லை. ஓடியவரும் இல்லை. ஒருவன் கதவைத் திறந்தான், ஒருவன் கொடியைத் தாழ்த்தினான், தொட்டில்கள் அக்கரை சேர்ந்தன என்று முடித்தாள். முன்வரிசையில் நம் முதியவர்கள் சிலர் பதினாயிரவரைத் தேடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தூதர் எழுந்தார். சென்ற ஆண்டைப் போல் வாசலுக்குப் போகிறார் என்றெண்ணி நாம் வேந்தர் முகத்தைப் பார்த்தோம். தூதரோ நேரே எழுத்தரிடம் போய், மைக்கிண்ணத்தைத் தரும்படி வேண்டினார். தம் விரலாலேயே அந்த ஓலைக்குக் கரிமை பூசித் துடைத்தார். எழுத்துகள் கறுத்து எழுந்தன. தம் வீட்டில் பாதியாகக் கேட்ட கதையின் மறுபாதியை இன்றுதான் கேட்டதாகச் சொன்னார். அப்புறம் எழுந்த ஆரவாரம் கணவாய் வரை கேட்டிருக்கும். வேந்தர் அரியணையிலிருந்து இறங்கி வந்து இரு பெண்களையும் தம் இருபுறமும் நிறுத்திக்கொண்டார். வாசலில் இருந்த குதிரைக்காரன் படை திரும்ப வேண்டும் என்ற தூதர் கட்டளையோடு அடிவாரத்துக்குப் பறந்தான்.

இனி வேந்தர் ஆணை. இவ்வோலை கைக்கு எட்டிய பொழுதே ஊசிக்கணவாய்க் கதவின் கணையமரத்தை இறக்குக. கதவுகளை விரியத் திறந்து வைக்க. ஆற்றுவெளி வணிகருக்கு வழி விடுக. தூதரும் இசைந்தபடி, இனி இரு நாட்டுப் பள்ளியிலும் பழங்கதை பற்றிய எந்தக் கட்டுரையும் மறுநாட்டுப் பிள்ளை ஒருவர் படித்துப் புள்ளி வைக்காமல் மை காணாதிருக்க. காவலைத் துணைவரிடம் ஒப்படைத்துத் தாங்கள் வீடு திரும்புக.

கடைசியாக, சொன்ன சொல்லைக் காக்க வேண்டும். இவ்வோலையையும் மை பூசுமுன் தத்தையிடம் கொடுத்தோம். நம் பட்டங்களின் மீது வரிசையாகப் புள்ளி வைத்தாள். இவை செய்தியைச் சொல்லவில்லையே என்றாள். மனம் வலித்தாலும் நீக்கிவிட்டோம். அவையில் அவள் சற்றும் அஞ்சாமல் நின்றாள் என்று எழுதியிருந்தோம். அதன் பக்கத்திலும் ஒரு புள்ளி. திருத்தம் இது: ஓலை பிடித்த அவள் கைகள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நடுங்கின, பதினாயிரவரைத் தான் நீக்கியதற்கு அப்பா கோபிப்பாரோ என்று அப்போதும் அஞ்சினாள், இப்போதும் அஞ்சுகிறாள். அந்தப் புள்ளியை மட்டும் துடைக்க எம்மால் ஆகவில்லை. தாங்கள் வந்து துடைக்க வேண்டும்.

மலைமுகட்டு ஞாயிறு பொறித்த அரச முத்திரை இதன் கீழ் இடப்பட்டது. இவ்வாணை நிற்க, கதவு திறந்தே நிற்க.