சீரியல் சிஸ்டரும் எங்கள் வீட்டு சிஸ்டரும்

நெருப்பெரிச்சல்,
14.9.2008

அன்பு மகள் ஆஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை ஜெனிட்டா மூவரும் நலம், கரண்டுக்குத்தான் நலமில்லை, ஒரு நாளைக்கு நாலு தடவை போய்விடுகிறது. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, காய்ச்சலில் கிடந்தாலும் ஆண்டவர் அருளால் சுகம் என்றுதான் எழுதுவாய், அதற்கு எதற்கு ஒரு தபால்தலை. எனக்கு கம்பெனியில் செக்கிங் வேலை அப்படியே ஓடுகிறது, நாள் முழுக்க பனியனில் ஓட்டை தேடித்தேடி இப்போது எதைப் பார்த்தாலும் ஓட்டைதான் தெரிகிறது, டிவி பார்த்தாலும் அப்படித்தான்.

ஏழரை மணிக்கு ஒரு சீரியல் வருகிறது. அதில் நிச்சயம் செய்த மாப்பிள்ளை ஏமாற்றிவிட்டான் என்று கதாநாயகி கன்னியாஸ்திரி ஆகிவிட்டாள். எப்போது ஆனாள் என்று கேள். விளம்பரத்துக்கு முன்னால் கட்டிலில் குப்புற விழுந்து அழுதுகொண்டிருந்தாள், சோப்பு விளம்பரம் முடிந்து பார்த்தால் தலையில் முக்காடு. நீ பைத்தியக்காரி, மூன்று வருஷம் பயிற்சி அது இது என்று ஊர் ஊராக அலைந்து போன வருஷம்தான் கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுத்தாய். அவள் உடுப்பில் ஒரு சுருக்கம் கிடையாது, அயர்ன் டேபிளில் இருந்து நேராக இறங்கி வந்தவள் மாதிரி இருக்கிறாள். கூட்டுவதில்லை, சோறு வடிப்பதில்லை, மடத்து வாசல் படியில் நின்று ஜெபமாலையை உருட்டுவதுதான் வேலை. மழை பெய்தால் போதும், யாராவது ஒரு குழந்தையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு ஓடுகிறார்கள். வில்லன் பொய் சொன்னால் கோயில் மணி தானாக அடிக்கிறது. நம் கோயில் மணி அப்படி அடிக்க ஆரம்பித்தால் கம்பெனி முதலாளிகள் யாரும் பூசைக்கே வரமாட்டார்கள்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பார்த்துவிடுவேன். வீட்டுக்கார மருதாள் அக்காவால்தான் முடியவில்லை. அவர்கள் வீட்டு டிவியைப் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் பிடித்துக்கொள்வதால் நம் வீட்டில்தான் சீரியல். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏனுங்க ரோஸ்மேரி, நம்ம ஆஷாக் கண்ணையும் இப்படித்தான் எவனாச்சும் ஏமாத்திப்போட்டானுங்களா, எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க என்றார். இல்லீங்கக்கா, அவளாகத்தான் போனாள் என்றேன். பெத்த வயிறு மறைக்கத்தான் செய்யும் என்று எனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஆடி மாதம் அம்மன் படம் போட்டபோது அவருக்கே கோபம் வந்துவிட்டது, எங்க மாரியாத்தா இப்படியா உதட்டுக்குச் சாயம் பூசிட்டுப் பல்லக் கடிப்பா என்றார். சாமிக்கே அந்தக் கதி என்றால் சாமியைக் கும்பிடப் போன உனக்கா மரியாதை கிடைக்கும்.

இந்தக் கூத்து நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டாவைப் பெண் பார்க்க அவிநாசியில் இருந்து வந்தார்கள், நம் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள்தான். பையன் அடக்கமான பையன். காபி குடித்தபிறகு அவனுடைய அம்மா மெதுவாக ஆரம்பித்தார்கள். கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய, மூத்தவ சிஸ்டராப் போயிருக்கான்னா ஏதோ ஒரு சங்கதி இருந்திருக்கணும்லா, டிவியில தெனமும் பாக்கோம், நாளைக்கு எவனாவது வந்து நின்னா எங்களுக்குல்லா அசிங்கம் என்றார்கள்.

அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. நீ போன நாளில் இருந்து நாலு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாதவர், வார்த்தைப்பாட்டுக்கும் வராதவர், உன் பேரைச் சொன்னாலே எழுந்து வாசலுக்குப் போகிறவர். எங்கே, ஆமாம் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு என்று சொல்லிவிடுவாரோ என்று அவரையே பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சங்கதி இருந்துச்சுதான், எம் மவ மடத்துக்குப் போறேன்னு எங்கிட்ட மூணு தடவ கேட்டா, மூணு தடவயும் விடமாட்டேன்னுட்டேன், நாலாவது தடவ கேக்கல, கும்பிட்டுட்டுப் போயிட்டா, அழல, எந்தப் பயலும் அவள ஏமாத்தல என்றார். பிறகு, அங்க மடத்துல அறுவது பிள்ளையளுக்குப் பேன் பாத்துத் தலை சீவி விடுதா, அதுல முக்காவாசிக்குச் சொறி சிரங்கு, இதெல்லாம் ஒங்க டிவியில வராது என்றார்.

அந்த அறுபதும் அந்தச் சொறி சிரங்கும் உன் கடிதத்தில் மட்டும்தான் இருந்தன, நான் அவரிடம் சொன்னதில்லை. பீரோவில் நான் ஒளித்துவைத்த கடிதங்களை இவர் எப்போது எடுத்துப் படித்தாரோ.

வந்தவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள், புதன்கிழமை வேறு இடம் பார்க்கிறோம் என்று ஆள் விட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அழுகைதான் வந்தது. ஜெனிட்டாவோ அவர்களுக்கு வைத்த மிக்சரைத் தட்டோடு எடுத்து உட்கார்ந்துகொண்டு, அந்தம்மாவுக்கு மருமகளாப் போனா தெனம் ஏழரை மணிக்கு எனக்குப் புதுசா ஒரு குத்தம் கண்டுபிடிக்கும்மா, விடு என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் தெளிந்தது. நீ இதற்காக உபவாசம் கிபவாசம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, உன்னால் கெட்டது ஒன்றுமில்லை.

மாதா உன்னைக் காக்கட்டும், பிள்ளைகளையும் காக்கட்டும், பேன் பார்த்துவிட்டு உன் தலையையும் யாரிடமாவது காட்டு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா ரோஸ்மேரி

பி.கு.: ஒட்டுவதற்கு முன்னால் அப்பா கடிதத்தைக் கேட்டு வாங்கினார். பேனாவைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அடியில் இருப்பது அவர் எழுதியது:

ஆஷாவுக்கு, உன் ஊருக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று எழுது. அப்பா.