எதில் எழுபத்தெட்டு

மார்ச் 3
கல்லூரி மருத்துவ முகாமில் கொடுத்த ரத்தத்தின் முடிவு வந்தது. துறைத்தலைவர் உறையை நீட்டினார். என்னைவிட ஏழு வயது இளையவர். அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார் என்பது சுவருக்கும் தெரியும். "சார், ஏதோ சிவப்புல வட்டம் போட்டிருக்காங்களே" என்றார். பிரித்துப் பார்த்திருக்கிறார்!

வெள்ளணுக்களில் லிம்போசைட் 78 சதவீதம். நாற்பதைத் தாண்டக் கூடாதாம். ரத்தப் புற்றுநோய் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை.

மார்ச் 5
மருத்துவருக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். "லிம்போசைட் எழுபத்தெட்டு" என்றேன்.

"எதுல எழுபத்தெட்டு சார்? மொத்தமே ரெண்டாயிரத்து நூறுதானே இருக்கு?"

இருபத்தாறு வருடமாகப் புள்ளியியல் வகுப்பில் நான் கேட்கிற கேள்வி. லிம்போசைட்டின் எண்ணிக்கை ஏறவே இல்லை; மொத்தம் குறைந்ததால் சதவீதம் ஏறியிருக்கிறது. கிருமியோடு மல்லுக்கு நிற்கும் நியூட்ரோஃபில்தான் 294க்கு இறங்கிவிட்டது. ஆயிரத்து ஐந்நூறாவது வேண்டும். ஏன் இறங்கியது? "தெரியல சார். எலும்பு மஜ்ஜைய எடுத்துப் பாக்கணும்." காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவர வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் யாரும் பக்கத்தில் வரக்கூடாது.

"எனக்கு யாரும்மா வரப்போறாங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 9
காய்ச்சல். தனி அறை.

மார்ச் 11
நியூட்ரோஃபில் 240.
"உங்க தம்பிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. யாரைக் கேட்டுச் சொன்னாள்? அப்பாவின் சுவாசக் கருவியை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் அவன். தேர்வறையில் நான் கண்காணிப்பில் இருந்த மூன்று மணி நேரம் பொறுக்க முடியவில்லை அவனுக்கு என்றேன்.

"நீங்க அன்னைக்கு லீவு போட்டிருக்கலாமே."

ஒன்பது வருடமாக யாரும் சொல்லாததை முகக்கவசத்துக்குள்ளிருந்து சொல்லிவிட்டாள். பதில் சொல்லத் தெம்பில்லை. தெம்புதான் இல்லையா?

மார்ச் 13
தம்பி வந்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். போ என்று கையைக் காட்டினேன் — அப்பாவின் உடலருகே அன்று காட்டிய அதே மாதிரி. அவன் முகம் சுருங்கிவிட்டது. திரும்பி நடந்தான்.

"இருமலுக்காகத்தாண்டி போகச் சொன்னேன்! ஓடிப்போய்ச் சொல்லு!"

ஓடினாள். லிஃப்ட் மூடிவிட்டதாம்.

மார்ச் 14
மஜ்ஜை எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள்.

மார்ச் 16
210. நானே தம்பியைப் போனில் கூப்பிட்டேன்.
"இருமல் நின்னுச்சா?"
"இன்னும் இல்லண்ணே."
வைத்துவிட்டேன்.

மார்ச் 17
190. இன்றும் கூப்பிட்டேன். இருமல் இன்னும் நிற்கவில்லையாம்.