உல்கார்த் என்று பெயர் உள்ளவர்கள்

லீட்ஸ்,
9 ஜனவரி 2001

அன்புள்ள பெர்னார்ட் அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. உங்கள் கையெழுத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. பழகிவிட்டது.

இத்துடன் ஒரு சிறு குழாயும் பஞ்சுக் குச்சிகளும் வைத்திருக்கிறேன். குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை நன்றாகத் தேய்த்து, குழாயில் போட்டு மூடி எனக்கே அனுப்பிவிடுங்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஆண் வழி மரபணுவைப் பார்க்கும் சோதனை. வம்சாவளி தேடுகிறவர்கள் இப்போது இதைச் செய்துகொள்கிறார்கள்.

காரணம் ஒன்டாரியோவில் இருக்கும் வெஸ்லி உல்கார்த். ஈயச் சுரங்கம் மூடிய காலத்தில் கனடா போன நம் கொள்ளுத் தாத்தாவின் தம்பிக்குப் பேரனின் மகன் என்று சொல்லிக்கொள்கிறார். அவருடைய மாதிரியையும் என்னுடையதையும் இலையுதிர் காலத்தில் சோதித்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆள் போலி. அதை அவருக்கு எழுதியும் விட்டேன், சற்றுக் காரமாகவே. உங்கள் மாதிரியும் இருந்தால் அவர் வாய் திறக்க முடியாது.

இந்தப் பெயருக்காக நான் பட்ட பாட்டை நீங்கள் ஒருநாளும் மதித்ததில்லை. 1301-ஆம் ஆண்டு வரிப் பட்டியலில் 'உல்கார்த்தில் இருக்கும் ஆடம்' என்று முதல் ஆள் வருகிறான். உல்ஃப் என்ற வைக்கிங்காரன் கல் அடுக்கி வளைத்த இடம், அதுதான் உல்கார்த். ஒரே பண்ணை, ஒரே பெயர். 1881 கணக்கெடுப்பில்கூட நம் பள்ளத்தாக்கை விட்டால் கீழே டீஸ் ஆற்று இரும்பாலைகளில்தான் சில வீடுகள். இன்று டெலிபோன் புத்தகங்களைத் தேடினால் இங்கிலாந்தைவிடக் கனடாவில் உல்கார்த்துகள் அதிகம். நியூசிலாந்தில் ஒரு கிழவி. என் வரைபடத்தில் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு ஊசி நிற்கிறது. அது நீங்கள்.

பண்ணையை மறைந்த ஜீன் அண்ணியின் தம்பி மகன் கீத்துக்கு எழுதிவைக்கப் போகிறீர்களாம். எழுநூறு வருடம் உல்கார்த்துகள் இருந்த வீட்டில் ஆல்டர்சன் என்ற பெயரோடு ஒருவன்! அப்பா எல்லாவற்றையும் உங்களுக்கே வைத்துவிட்டுப் போனபோது நான் வாய் திறக்கவில்லை. உங்களுக்குப் பிள்ளை இல்லை. வெஸ்லி போலி என்று ஆகிவிட்டால் ரத்த வழியில் மிஞ்சுவது நான் ஒருவன். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இப்படிக்கு,
லாரன்ஸ் உல்கார்த்


உல்கார்த்,
21 ஜனவரி

அன்புத் தம்பி லாரிக்கு,

குச்சி வந்துச்சு. கீத் பாத்துட்டு, "என்ன மாமா, சின்ன மாமா காது குடைய அனுப்பியிருக்காரா?"ன்னான். ஆமாடா, படிச்சவங்க சொல்றது இந்தக் காதுல ஏறலைன்னு அனுப்பியிருக்கான்னேன்.

முழங்கால் வலி அப்படியே இருக்கு. மேட்டுல பனி இன்னும் கிடக்கு. பெட்டை ஆடெல்லாம் சினையா நிக்குது. இந்த வருஷக் கிடா வெஸ்ட்மோர்லாந்துலேருந்து வாங்கினது, மூக்கு கொஞ்சம் கோணல், ஆனா நல்ல ஆளு.

லாரி, இந்தச் சோதனையை விட்டுடு. அந்தக் கனடாக்காரன் பாவம், அவன் பாட்டுக்கு இருந்துட்டுப் போறான். அவன் உல்கார்த்துன்னா நமக்கென்ன நஷ்டம், இல்லைன்னா என்ன லாபம்? நீ படிச்சவன், உனக்கு நான் சொல்லணுமா?

பண்ணை விஷயம் தபால்ல வேணாம். ஈஸ்டருக்கு வா. ஆட்டுக்கறி சமைச்சுப் பேசலாம். கீத் பதினாறு வயசுலேருந்து என்கூட மலை ஏறுறான், அதை மட்டும் மனசுல வச்சுக்கோ.

அன்புடன்
பெர்னார்ட்


லீட்ஸ்,
3 பிப்ரவரி 2001

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு குச்சியைக் கன்னத்தில் தேய்ப்பதற்கு இவ்வளவு யோசனையா? பயப்படுகிறீர்களா? அப்படியானால் எதற்கு என்று சொல்லுங்கள்.

நான் படித்தவன் என்பதை நீங்கள் சொல்லும் தொனி அப்பாவுடையது. ஏலச் சந்தையில் ஆடுகளை வளையத்துக்குள் விடும்போது உங்களைத்தான் கூப்பிடுவார். "பெர்னார்ட், வாடா உள்ளே!" நான் கம்பிக்கு வெளியே பள்ளிக்கூடத் தொப்பியோடு நிற்பேன். ஒரே ஒரு தடவையாவது "லாரி, நீயும் வா" என்று சொல்லியிருக்கலாம். ஐம்பத்திரண்டு வயதில் இதை எழுதுவது கேவலம் என்று எனக்கும் தெரியும்.

மனைவி போனாள். மகள் கல்யாணம் செய்து பெயரை மாற்றிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில், பையன்களிடம் கடுமையாக இருக்கிறேன் என்று முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். யாராலும் பிடுங்க முடியாதது என்று மிஞ்சியது இந்தப் பெயர் ஒன்றுதான். ஊர் மதுக்கடையில் கீத்தை 'உல்கார்த் கீத்' என்று கூப்பிடுகிறார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாதிரியை அனுப்புங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

லாரன்ஸ் உல்கார்த்


உல்கார்த்,
28 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

நோய் வந்துடுச்சு, ரேடியோவுல கேட்டிருப்ப. கோமாரி. வடக்கே ஏற்கெனவே ஆடுமாட்டையெல்லாம் சுட ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம வாசல்ல வைக்கோலைப் பரப்பி மருந்து ஊத்தியிருக்கோம். தபால்காரர் கேட்டோட நின்னு, "உள்ளே வரமாட்டேன் பெர்னார்ட், நீயும் வெளியே வராதே"ன்னுட்டுப் போறாரு. ஈஸ்டருக்கு வராதே. உன் பூட்ஸ்ல என்ன ஒட்டியிருக்கும்னு யாருக்குத் தெரியும்.

நீ கேட்டதை இதோட வச்சிருக்கேன். பயமான்னு கேட்டே. ஆமா. உனக்காக.

பதில் வந்தா என்ன வந்துச்சுன்னு மொதல்ல எனக்கு எழுது. யார்கிட்டயும் சொல்றதுக்கு முன்னால. அந்தக் கனடாக்காரன்கிட்டயும்தான்.

பெர்னார்ட்


லீட்ஸ்,
30 ஏப்ரல் 2001

பெர்னார்ட்,

பதில் மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டது. தவறு நடந்திருக்கும் என்று எழுதி என் மாதிரியை மறுபடி சோதிக்கச் சொன்னேன். அதுவும் இன்று வந்தது.

உங்களுடையதும் வெஸ்லியுடையதும் ஒரே வழி. சந்தேகமே இல்லை என்கிறார்கள். அவர் நம் கொள்ளுத் தாத்தாவின் தம்பி வழிதான். ஒத்துப்போகாத ஆள் நான்.

பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: ஆதாரம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம் என்றால் ஆதாரத்தோடு போ. இப்போது எங்கே போவது?

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஜனவரியிலேயே தெரியும். எத்தனை வருடமாகத் தெரியும்? அப்பாவுக்கும் தெரியுமா? அதனால்தான் பண்ணை உங்களுக்கா? அதனால்தான் என்னைக் கம்பிக்கு வெளியே நிறுத்தினாரா? நீங்கள் இருவரும் உள்ளே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

கேட்க அம்மா இல்லை. உங்களைத் தவிர யாருமில்லை. எழுதுங்கள்.

லாரன்ஸ்


உல்கார்த்,
11 மே

என் அன்புத் தம்பி லாரிக்கு,

இதை நேர்ல சொல்லணும்னு இருந்தேன். ரோட்டை அடைச்சு வச்சிருக்கான். போன்ல சொன்னா நீ வச்சுடுவ. அதனால எழுதறேன், எழுத்து சரியில்லைன்னா சிவப்பு மை போடாதே.

வருஷா வருஷம் புல் அறுப்புக்கு அயர்லாந்துலேருந்து ஆளுங்க வருவாங்களே, சந்தையில போய்க் கூலி பேசிக் கூட்டிட்டு வருவாரு அப்பா. நாப்பத்தேழுல வந்தவன் டோனல். நல்லாப் பாடுவான். எனக்கு எட்டு வயசு. அந்தக் கோடையில அப்பா இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தாரு. அடுத்த ஏப்ரல்ல நீ பொறந்த. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. சாகறதுக்கு முன்னால அம்மாதான் சொன்னா. உன்கிட்ட சொல்லாதேன்னா.

அப்பாவுக்குத் தெரியும். அடுத்த ஜூலை அவர் யாரையும் கூலிக்குக் கூட்டல. தானே அறுத்தாரு. உன்னை ஒரு கூடையில போட்டு வயல் ஓரத்துல வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் கூடையை அடுத்த வரிசைக்குத் தள்ளி வைப்பாரு. யாரோ கேட்டதுக்கு, "என் பையன், வேலை கத்துக்கிறான்"ன்னாரு. இதை நான் கண்ணால பாத்தேன்.

ஏல வளையத்துக்குள்ள ஏன் கூப்பிடலைன்னு கேட்டே. நான் ஒருநாள் அவரையே கேட்டிருக்கேன். "அவன் தொப்பி அழுக்காயிடும்டா"ன்னாரு. அவ்வளவுதான். பெரிய காரணம்னு நீ இத்தனை வருஷம் நெனச்சுக்கிட்டு இருக்க. பதினேழு வயசுல நீதான் சாப்பாட்டு மேசையில சொன்ன, ஆட்டு நாத்தம் அடிக்காத இடத்துக்குப் போறேன்னு. அதைக் கேட்டுத்தான் அவர் பண்ணையை எனக்கு எழுதினாரு.

நம்ம மலையில வேலி இல்ல. ஆடு எப்படி அடுத்தவன் பக்கம் போகாம நிக்குது? குட்டி தாய் பின்னால நடந்து கத்துக்குது, இது நம்ம பாறை, இது நம்ம ஓடைன்னு. கிடாவை மட்டும் எங்கேருந்தோ வாங்கிட்டு வர்றோம், நாலு வருஷத்துல மாத்திடறோம். எந்தக் குட்டியையாவது உங்கப்பன் எந்த ஊருன்னு மலையை விட்டுத் துரத்தியிருக்கோமா?

பக்கத்துப் பண்ணையில ரெண்டு மாட்டுக்கு வாயில புண்ணு. நம்ம ஆட்டுக்கு ஒண்ணுமில்ல. ஆனா கீத் ரெண்டு நாளா ஒவ்வொரு ஆட்டு வாயையும் திறந்து பாத்துக்கிட்டே இருக்கான்.

உன் அண்ணன்
பெர்னார்ட்


உல்கார்த்,
2 ஜூன்

லாரி,

உன்கிட்டேருந்து பதில் இல்ல. பரவாயில்ல.

ஆடு எல்லாம் போச்சு, கொன்னுட்டாங்க. நம்மகிட்ட நோய் இருந்துச்சுன்னு இல்ல, பக்கத்துப் பண்ணையில இருந்ததால. சட்டம் அப்படின்னாங்க. வந்த மாட்டு டாக்டர் பொண்ணு சின்ன வயசு, அழுதுக்கிட்டே செஞ்சா. நான்தான் அதுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். மேல இருந்ததை நாயும் நாங்களும்தான் இறக்கிக் கொண்டுவந்தோம். ஓட்டினா வர்றதுக்குத்தானே பழகியிருக்கு, வந்துச்சுங்க. குட்டியும்தான்.

கீத், "மாமா, வேற ஆடு வாங்கலாம்"னான். வாங்கலாம், அதுக்கு மலை தெரியாதேடான்னேன். அதுக்கு யார் சொல்லிக்கொடுக்கறது, சொல்லிக்கொடுக்கறவங்க எல்லாம் போயிட்டாங்களே. வெளிய போறவங்களை மருந்தடிச்சு விடறாங்க; அவன் நேத்து டார்லிங்டன் போயிட்டான், டிரக் ஓட்டற வேலை. அவனை எப்படி நிறுத்தறது.

நீ கேட்ட பண்ணை காலியா இருக்கு. வேணும்னா எடுத்துக்கோ. கிண்டல் இல்ல, நிசமாத்தான் சொல்றேன். கல்லும் புல்லும் நாயும்தான் பாக்கி.

பெர்னார்ட்


லீட்ஸ்,
17 ஜூன் 2001

அன்புள்ள அண்ணா,

உன் மே மாதக் கடிதத்துக்கு ஆறு பதில்கள் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் நான்தான் சரி என்று முடிந்தது.

நேற்று பஸ் பிடித்து வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. ஆற்றுப் பாலம் வரைக்கும்தான் வர முடிந்தது. மருந்து நனைத்த விரிப்பு, தடுப்பு, ஒரு போலீஸ்காரர். பெயர் கேட்டார். வாய் தானாக 'உல்கார்த்' என்று சொல்லிவிட்டது.

"ஆமா, மேல் பண்ணை. பாவம். உள்ளே விட முடியாதுங்க."

"எங்க அண்ணன் அங்க தனியா இருக்காரு."

"தெரியுது சார். யாரா இருந்தாலும் முடியாது."

"குடும்பத்து ஆளா இருந்தாலுமா?" என்றேன். இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டுக்கொண்டே கேட்டேன்.

"குடும்பத்து ஆளுதான் சார் நேரா வீட்டுக்குள்ள போவாரு. அதனாலதான் முடியாது."

அங்கிருந்து உன் புகைபோக்கி தெரிந்தது. புகை வந்தது. மலையைப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. சின்ன வயதில் நான் வெறுத்த சத்தம் அந்த ஆடுகளுடையது, காலையிலிருந்து கத்திக்கொண்டே இருக்குமே. நேற்று காற்று மட்டும்தான். கடைசி பஸ் வரும்வரை நின்றேன். நீ ஒரு தடவை முற்றத்துக்கு வந்தாய் என்று நினைக்கிறேன். கையை ஆட்டினேன். அவ்வளவு தூரத்துக்குத் தெரிந்திருக்காது.

வெஸ்லிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் உடனே பதில் போட்டார். கோபமே இல்லை. 'அப்படியானால் நீங்களும் நானும் இனி என்ன முறை?' என்று கேட்கிறார். இருபது வருடமாக இதை ஆராய்ந்தவனிடம் கேட்கிறார்.

பண்ணை எனக்கு வேண்டாம், அண்ணா. கீத்துக்கு எழுது. வந்தாலும் வருவான், வராமலும் போகலாம். 1301 பட்டியலில் அந்த ஒரு வரியை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'உல்கார்த்தில் இருக்கும் ஆடம்.' அவன் அப்பன் யார் என்று அதில் இல்லை. அந்த வருடம் அங்கே இருந்தான், அதனால் பெயர். மதுக்கடையில் கீத்தைக் கூப்பிடுவதும் அதே முறையில்தான். நான் சாப்பிடாமல் எழுந்தது அதற்குத்தான்.

புது ஆடு வாங்கினால் மலை பழகும்வரை யாராவது மேலே நின்று, எல்லை தாண்டுவதை எல்லாம் திருப்பிவிட வேண்டும் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். வருடக்கணக்கில் ஆகும் என்பார். எனக்கு வேறு வேலை இல்லை. நாய் என் பேச்சைக் கேட்குமா என்று தெரியவில்லை. நீ வாங்குவாயா என்றும் தெரியவில்லை. முழங்காலோடு நீயும், பூட்ஸ்கூட இல்லாத நானும் என்ன செய்துவிட முடியும் என்றும் தெரியவில்லை.

ரோடு எப்போது திறக்கும் என்று கேட்டேன். போலீஸ்காரருக்கும் தெரியாதாம்.

அந்தக் கூடை இன்னும் இருக்கிறதா?

லாரி