கம்பவுண்டர் வெட்டிக் கொடுத்த பாட்டில்

கோபம் இன்னும் தணியவில்லை என்றால் சாப்பிட்டுவிட்டு இதைப் படி. சோறு மூடி வைத்திருக்கிறேன். சாவி வழக்கமான இடத்தில்.

நீ ஆஸ்துமா பம்பைச் செருகி மருந்து இழுக்க, கம்பவுண்டர் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி ஒட்டிக் கொடுத்தாரே, அந்தப் பாட்டிலைக் கடைக்கு எடுத்துப்போனது நான்தான். "அவரு ஒட்டினா காத்து கசியவே கசியாது" என்று பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிற உன் புருஷனிடமே சொன்னாய் அல்லவா? டியூபை முக்குகிற தொட்டியில் அதையும் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மனுஷன் நன்றாகத்தான் ஒட்டித் தொலைத்திருக்கிறார்.

ஆனால் தொட்டித் தண்ணீர்தான் உனக்குத் தெரியுமே, கன்னங்கரேல் என்று இருக்கும். பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். அது காயும்வரை அலமாரியில் இருக்கிற புதுசில் இழு. நான் வெட்டியது. பசை வாசம் உனக்கு ஆகாது என்று, ஒட்டாமல் டியூப் ரப்பரை இறுக்கி மாட்டியிருக்கிறேன். அது அவருக்குத் தோன்றவில்லை பார்.

மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது என்று இன்றைக்கு விட்டுவிடாதே. இழுத்ததும் வாய் கொப்பளி. இதையும் முதலில் சொன்னவன் நான்.

பி.கு: அவர் பாட்டிலைத் தேடாதே. வெயிலில் நெளிந்துவிடும் என்று கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். மெதுவாகக் காயட்டும், அவசரமில்லை.