கடைசி மேட்ச் ஆடாமல் போன அண்ணிக்கு

அண்ணி,

மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள் என்று போன வாரம் அம்மா என்னை வரச்சொல்லியிருந்தாள். பரண் மேல் கிடந்ததையெல்லாம் இறக்கிப் போட்டேன். ஓடாத ஒரு மின்விசிறி, கொசுவலை, குடியிருந்த யாரோ விட்டுப்போன தியான மெத்தை. அதற்கடியில் ஒரு துணிப்பைக்குள் அந்த வெள்ளை ரிமோட் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற அந்தச் சாமானை நாம் ரிமோட் என்றுதான் சொல்வோம். வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக் கொடுத்த அன்று அண்ணன் இந்த ஒன்றை மட்டும் மறந்திருக்கிறான்.

வலது பக்கத்துப் பெரிய பொத்தானில் மஞ்சள் ஏறியிருக்கிறது. உங்கள் கட்டைவிரல் பட்ட இடம். சமையல் முடித்து எத்தனை முறை கை கழுவிவிட்டு வந்தாலும் உங்கள் விரலில் மஞ்சள் மிச்சம் இருக்கும். ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன். போகவில்லை. எதற்காகத் துடைத்தேன் என்று அப்புறம் என் மேலேயே கோபம் வந்தது.

அந்தப் பெட்டியை நமக்குக் கொடுத்துப் போனவள் ஒரு ஜப்பான்காரப் பெண். ஆசிரமத்துக்கு வந்து நம் மாடியில் ஆறு மாதம் குடியிருந்தாள். ஒருமுறை அவளுக்கு வயிறு கெட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது மூன்று நாள் நீங்கள்தான் ரசம் சாதம் கரைத்து எடுத்துக்கொண்டு போனீர்கள். ஊருக்குக் கிளம்பும்போது அவள் பெட்டியை உங்கள் கையில் வைத்து, டி.வி.யைக் காட்டி, ஏதோ சொல்லிச் சிரித்தாள். உள்ளே ஒரே ஒரு ஆட்டம். பேஸ்பால்.

முதல் நாள் நாம் அதைக் கிரிக்கெட் என்றே நினைத்தோம். பூசணிக்காய் தலையும் கட்டைக் காலுமாகக் கார்ட்டூன் ஆட்கள். கழுத்தே கிடையாது. பந்து தலையில் பட்டால் கண் இரண்டும் பம்பரம் மாதிரி சுற்றும். அவுட் ஆனவன் உட்கார்ந்து குழாய் திறந்தது போல அழுவான். உள்ளே அம்மா படுத்திருக்கிறாளே என்று நீங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். நம் வீட்டுக்கு வந்து நாலு வருஷத்தில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரையில் இருந்த எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத்தான் எது எதற்கு என்று கண்டுபிடித்தோம். கண்டுபிடித்ததற்கெல்லாம் நீங்களே பெயர் வைத்தீர்கள். ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டு எழுந்துவிடலாம் என்றால் அது ‘சும்மா ஆட்டம்’. பத்து பந்து வரும், வேலியைத் தாண்டி எத்தனை அடிக்கிறோம் என்று மட்டும் பார்க்கிறது ‘சிக்ஸர் ஆட்டம்’. கட்டத்துக்குள் குறிபார்த்துப் பந்து எறிந்து பழகுகிறது ‘டியூஷன்’. ஆறு டீம் மாற்றி மாற்றி மோதி, ஜெயித்தது தோற்றது எல்லாம் பட்டியலில் ஏறி, வாரக்கணக்கில் போகிறது ‘பெரிய ஆட்டம்’. அதில் நாம் இரண்டு பேரும் ஒரே டீமில் சேர்ந்து ஆடலாம் என்று தெரிந்த அன்று உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

“அடிச்சவன் ஏன்டி இப்பிடி ஓடறான்?” என்று கேட்டீர்கள்.

“நாலு மூலையும் தொட்டுட்டு, கெளம்பின எடத்துக்கே வந்துடணும் அண்ணி. அப்பதான் பாயிண்ட்.”

“சுத்தி வந்தாத்தான் கணக்கா? அப்ப இது நம்ம ஊரு ஆட்டம்தான்” என்றீர்கள், ஜன்னல் வழியே, எல்லாரும் கிரிவலம் வருகிற மலையைப் பார்த்து.

பெரிய ஆட்டத்தில் சொந்தமாக ஒரு டீம் உருவாக்கலாம். முகம், தொப்பி, சட்டை நிறம் எல்லாம் நாமே எடுக்கலாம். பெயர் மட்டும் தமிழில் எழுத முடியாது. நீங்கள் வாயாலேயே பெயர் வைத்தீர்கள். “இந்தக் குள்ளச்சி மும்தாஜ். கேட்ச் வுடவே மாட்டா. அந்த மீசக்காரன் செல்வி.” மீசைக்காரன் எப்படிச் செல்வி ஆவான் என்று கேட்டேன். “செல்விக்கு லேசா இருந்துச்சுடி” என்றீர்கள். அவர்கள் எல்லாரும் கீழ்பென்னாத்தூர் பள்ளியில் உங்களோடு எறிபந்து ஆடியவர்கள் என்று அப்போதுதான் சொன்னீர்கள். மாவட்டப் போட்டியில் ஜெயித்த சர்டிபிகேட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினீர்கள். அது அங்கே இருப்பது அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

நான் கண்டபடி பொத்தானை அழுத்துவேன். நீங்கள் அழுத்தமாட்டீர்கள். “கையப் பாக்காத. அவன் கண்ணு எங்க போவுதுன்னு பாரு. எறியறவனுக்குக் கண்ணு முன்னாடியே போயிடும்” என்பீர்கள். அது கார்ட்டூன், அதற்கு ஏது கண் என்று நான் சிரிப்பேன். ஆனால் நீங்கள் சொன்ன பக்கம்தான் பந்து வரும்.

இதையும் எழுதவேண்டும். தினமும் கூப்பிட்டது நான்தான். கல்லூரியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பேன். “மொதல்ல போய் நோட்ட எடு. ரெண்டு பாடம் படிச்சிட்டு வா, அப்பறம் ஆடலாம்” என்பீர்கள். நான் அறைக்குள் போய் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்து, படித்துவிட்டேன் என்பேன். நீங்கள் நம்புவீர்கள்.

அந்த வருஷம்தான் உங்களுக்கு எறிபந்து சொல்லிக்கொடுத்த டீச்சர் நம் வீட்டைத் தேடி வந்தார். நம் ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு மாறி வந்திருந்தார். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும், இவளை அனுப்புங்கள் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா முடியாது என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றாள். அண்ணனுக்குச் சம்மதம்தான். “திங்கக்கெழம வந்துடும்மா” என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார். நீங்கள் அன்றைக்கே ஒரு சுடிதாரைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தீர்கள்.

அதற்கு இரண்டாம் நாள் என் பரீட்சை ரிசல்ட் வந்தது. இரண்டு பேப்பர் போயிருந்தது. நம் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. அம்மா கூடத்தில் என்னை நிறுத்தி, “என்னாடி பண்ண வருஷம் பூரா?” என்று கேட்டாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். நான் பயந்துபோய், யோசிக்காமல், இல்லை, யோசித்துத்தான், சொன்னேன்.

“நான் இன்னாம்மா பண்றது? அண்ணிதான் டெய்லி ஆடக் கூப்பிடும். வரலன்னா கோச்சுக்கும்.”

அம்மாவின் கை இறங்கிவிட்டது. முகம் சமையலறைப் பக்கம் திரும்பியது. நீங்கள் ஈரக் கையோடு அதன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டீர்கள் என்று தெரிந்தது.

“புள்ள பெத்துக்க வழி இல்ல, வெளையாட்டு ஒண்ணுதான் கொறச்சலா? என் பொண்ணு படிப்பையும் சேத்துக் கெடுக்கணுமா?” என்று அம்மா கேட்டாள்.

நீங்கள் என்னை ஒரே ஒருமுறை பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆமா அத்த. நான்தான் கூப்பிட்டேன்” என்றீர்கள்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அண்ணன் வந்ததும் அம்மா சொன்னாள், “வூட்ல ஆடனது போதாதாம், ஸ்கூல்ல போய் வேற ஆடணுமாம். ஒண்ணும் வேணாம்.” அண்ணன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அடி அண்ணாமலையில் அவன் சிநேகிதன் வீட்டில் கொடுத்துவிட்டான். பெரிய ஆட்டத்தில் நம் டீம் கடைசி மேட்சுக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். இஸ்திரி போட்ட சுடிதார் நாற்காலி முதுகில் அப்படியே தொங்கியது. புதன்கிழமை பார்த்தபோது இல்லை.

அந்த மூன்று நாளில் எந்த நிமிஷத்திலும் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நீங்கள் ஒன்றும் நடக்காதது போல எனக்கு டிபன் கட்டிக் கொடுத்தீர்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதைத்தான் இப்போது நினைத்தால் தாங்கமுடியவில்லை.

அப்புறம் நான் அந்தப் பேப்பர்களை எழுதித் தேறினேன். வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, அங்கேயே தங்கிவிட்டேன். தீபாவளிக்கு அம்மாவுக்கு எடுப்பதைவிட நல்ல புடவையாக உங்களுக்கு எடுப்பேன். நீங்கள் ஒருமுறை கட்டிவிட்டு மடித்து வைத்துவிடுவீர்கள். ஊருக்கு வந்தால் சமையலறையில் உங்களோடு தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வேன். தண்ணீர் வேண்டுமென்றால்கூட என் மகளை அனுப்புவேன். பதினைந்து வருஷம் இப்படியே போயிற்று.

கர்ப்பப்பையில் கட்டி என்று உங்களை வேலூருக்குக் கொண்டுவந்தபோது, பார்க்கவேண்டிய காலம் தாண்டிவிட்டது என்றார்கள். நீங்கள் யாரிடமும் வலியைச் சொல்லவில்லையாம். சொல்லிப் பிரயோஜனம் இல்லாத வீடு என்று உங்களுக்கு முதலில் காட்டியது யார் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் உங்கள் வார்டுக்கு வந்தேன். ஒருநாள் என் போனில் ஒரு கார்ட்டூன் பேஸ்பால் ஆட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். நாம் ஆடியது இல்லை, அது மாதிரி ஒன்று. நீங்கள் ஊசி குத்திய கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் வாங்கிப் பார்த்தீர்கள்.

“தல கம்மியா இருக்கு. நம்முளுதுல தல ஜாஸ்தி” என்றீர்கள்.

சிக்ஸர் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். பத்துப் பந்தில் நாலு வேலி தாண்டியது. போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அப்போதுதான் ஆரம்பித்தேன்.

“அண்ணி, அன்னிக்கு நான் அம்மாகிட்ட சொன்னது...”

“ம்.”

“நான் பொய் சொன்னேன்.”

“எனக்குத் தெரியாதா? நான்தானே பக்கத்துல நின்னேன்.”

“மன்னிச்சுடுங்க அண்ணி.”

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டீர்களோ என்று நினைத்தேன்.

“நான் அந்த வேலைக்குப் போயிருப்பேன்டி” என்றீர்கள். “அது ஒண்ணுதான் எனக்கே எனக்குன்னு வந்துச்சு. மன்னிச்சுட்டேன்னு சொன்னா உனக்கு நல்லா இருக்கும். எனக்குச் சொல்ல வரல. கோவம்லாம் இல்ல. சொல்ல வரல, அவ்ளோதான்.”

பிறகு கண்ணைத் திறந்து, “நாளைக்கும் வா” என்றீர்கள்.

வந்தேன். அதற்கப்புறம் பதினோரு நாள் வந்தேன். நாம் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

உங்கள் காரியத்துக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா சொன்னாள், “நல்லவதான் பாவம். என்னா, கொஞ்சம் வெளையாட்டுப் புத்தி. நாத்தனார் படிப்பையே கெடுக்கப் பாத்தாளே, ஞாபகம் இருக்கா?” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒரு நிமிஷத்தில் நான் சொன்ன பொய், இத்தனை வருஷம் உங்களைப் பற்றிய கதையாக இந்தக் குடும்பத்தில் நடமாடியிருக்கிறது. நான் கேட்காத எத்தனை கல்யாணங்களில், எத்தனை பந்திகளில் இதைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

“அவங்க கூப்பிடல பெரியம்மா. நான்தான் போய் தொந்தரவு பண்ணுவேன். படிச்சிட்டு வான்னு தொரத்தி வுடுவாங்க. அடிக்குப் பயந்து நான் பொய் சொன்னேன்” என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எழுந்து உள்ளே போனாள். இன்றுவரை அவள் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நான் வாசலுக்குப் போனபோது அண்ணன் மட்டும் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

“நீ சொன்ன, சரி. சின்னப் பொண்ணு” என்றான். “நான் ஏன் அவள ஒரு வார்த்த கேக்கல?”

முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தல்காரரிடம் பேசப் போய்விட்டான். என் சுமையில் பாதி அவனுடையது என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அவனுடையது அவனுக்கு, என்னுடையது எனக்கு. பாதியாவதில்லை.

அந்த வார்டில் நீங்கள் பெரிய மனசு பண்ணி, மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் அழுதுவிட்டு, லேசாகி, வீட்டுக்குப் போயிருப்பேன். காரியத்தன்று பெரியம்மா பேசியதைக் கேட்டும் கேளாதது போல இலை எடுத்துக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். அதனால்தான் என்னாலும் அன்று ஒரு உண்மையைச் சொல்ல முடிந்தது.

இன்னும் ஒருவரிடம் சொல்லவேண்டியிருக்கிறது. உங்கள் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நம் ஊரில்தான் இருக்கிறாராம். சொன்ன வார்த்தை தவறி நீங்கள் வராமல் போனதாக அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கலாம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு முறை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கதவைத் திறந்ததும் உங்கள் பெயரைச் சொல்கிறேன். மற்றதை அவர் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போகிறேன் அண்ணி.